தமிழில் நோயறியக் கற்பித்த கிறீன் வைத்தியர்

ஆண்டு மலர்தோறும் பெரியார் ஒருவரின் சரிதத்தை எழுதி இளைஞர் முன் வைத்தல் எமது சங்கங்களின் நெடுநாளைய வழக்கு. நாயன்மாரைப் பற்றியும், நாவலர் பெருமானைப் பற்றியும், சுவாமி விபுலானந்தரைப் பற்றியும் பலரும் பலகால் எழுதியுள்ளனர். இம்முறை நாம் எடுத்துக்கொண்டவர் எம் சமயத்தவருமல்லர், எம் நாட்டவருமல்லர். எனினும், மேனாட்டு வைத்திய சாத்திரத்தைத் தமிழ் மாணாக்கருக்குத் தமிழிலேயே கற்பித்தல் இயலும் என்று நம்பி, நம்பியதைச் செய்தும் காட்டியவர். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர்.

இவரை இப்பொழுது நினைப்பதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள எம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் பலர் இன்று தாதியராகவும் வைத்தியராகவும் வருவதற்குப் படிக்கின்றனர். 1981-ம் ஆண்டில் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வைத்தியம், தாதியம் ஆகிய இரண்டுக்கும் இடமுண்டு. அப்பிள்ளைகள் இரவிரவாக விழித்திருந்து வினா விடைகளை மனனம் செய்வதை நாம் காண்கிறோம். மனனம் நல்லதே. ஆயினும் கட்டிலருகில் நின்று நோயாளியை நோக்கிக் கேட்க வேண்டிய வினாவும், கேட்டபின் தன்னுள்ளே ஆராய வேண்டிய வினாவும் புத்தகத்து வினாக்களினும் வேறானவை. அவ்விரண்டையும் எம் தாய்மொழியிலே பழக்க முயன்ற ஒருவரின் வாழ்வு அவர்களுக்கு உதவும் என்பது எம் எண்ணம்.

பிறப்பும் கல்வியும்

கிறீன் 1822-ம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10-ந் திகதி, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரை அடுத்த 'கிறீன் ஹில்' என்னும் குடும்பப் பண்ணையிற் பிறந்தார். பெரிய குடும்பம், கல்வியிலும் பொதுப்பணியிலும் நாட்டமுள்ள குடும்பம். இவருடைய தமையனார் அன்று கஸ்வெல் கிறீன் நியூயோர்க் நகரின் நடுவணுள்ள பெரும் பூங்காவை உருவாக்கியவர்களுள் ஒருவராகவும், அந்நகரம் இன்றுள்ள அளவுக்கு விரிவதற்கு வழிகோலியவராகவும் புகழ் பெற்றவர். அண்ணன் தன் ஊரிலே பெயர் நாட்டினார். தம்பியோ கடல் கடந்து, தன் ஊரவர் பெயரும் கேட்டறியாத ஒரு சிற்றூரிலே பெயர் நாட்டினார்.

நியூயோர்க்கில் உள்ள வைத்தியர் சத்திரவைத்தியர் கல்லூரியிற் பயின்று 1845-ம் ஆண்டிற் பட்டம் பெற்றார். அக்காலம் வைத்திய சாத்திரம் விரைந்து மாறிக்கொண்டிருந்த காலம். 1846-ம் ஆண்டு ஒக்டோபரில் அவருடைய மாநிலத்தின் தலைநகராகிய பொஸ்ரனில் நோயாளி ஒருவருக்கு ஈதர் மணக்கச் செய்து, நோவின்றிக் கட்டியை அறுக்கலாமெனப் பலர் முன்னிலையிற் காட்டினார்கள். 1847-ம் ஆண்டில் வியன்னாவில் செம்மல்வைஸ் என்பவர் இரண்டு பிரசவ விடுதிகளை ஒப்புநோக்கி, ஒன்றில் மட்டும் தாய்மார் மிகுதியாக இறப்பது ஏன் என ஆராய்ந்தார். பிணத்தைத் தொட்ட கையைச் செவ்வையாகக் கழுவாது தாயைத் தொடுவதே காரணம் என முடிவு செய்து, கை கழுவுதலைக் கட்டாயமாக்கினார், இறப்புக் குறைந்தது. கிருமி என்னும் கருத்து உறுதிப்படாத காலத்தில், இரண்டை ஒப்பிட்டு வேறுபாட்டைத் தேடும் அறிவொன்றே அவருக்குத் துணையாயிருந்தது. இத்தகைய காலத்திலேதான் கிறீன் எம் நாட்டுக்கு வந்தார்.

ஈழத்துக்கு வருகை

அமெரிக்க மிஷன் 1816-ம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்து வந்தது. வைத்தியராகிய பாதிரியாருள் முதலில் வந்தவர் ஜோன் ஸ்கடர். அவர் பண்டத்தரிப்பில் இருந்து நோயாளரைப் பார்த்தார். பின்னர் சென்னைக்குச் சென்றார். அவருடைய பேர்த்தியாராகிய ஐடா ஸ்கடர் என்பவரே பிற்காலத்தில் வேலூரில் புகழ்பெற்ற வைத்தியசாலையை நிறுவி, 1909-ம் ஆண்டில் தாதியர் பள்ளியையும் 1918-ம் ஆண்டில் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியையும் தொடங்கியவர். வேலூர்ப் பெரும்பணிக்கு வித்திட்ட குடும்பம் முதலில் ஈழத்து மண்ணிலே காலூன்றியது என்பதை எம் இளைஞர் அறிதல் நன்று.

ஸ்கடருக்கும் அவர்பின் வந்த வார்ட் என்பவருக்கும் அடுத்தபடியாகக் கிறீன் 1847-ம் ஆண்டிலே யாழ்ப்பாணம் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். 1848-ம் ஆண்டில் மானிப்பாய்க்கு மாறி, அங்கே வைத்தியசாலையை நடத்தலானார். வந்த நாள் தொட்டுத் தமிழ் படித்தார். மொழிபெயர்ப்பாளன் ஒருவனை இடையில் வைத்துக்கொண்டு நோயாளியுடன் பேசுதல், துணியால் மூடிய கையை நாடி பிடித்துப் பார்ப்பது போன்றது. வைத்தியனுக்கு வேண்டியது முழுவதும் வந்து சேராது. மொழியறிவைத் தன் தொழிலின் ஒரு கருவியாகவே கிறீன் கொண்டார்.

மாணாக்கரைச் சேர்த்தல்

ஒரு வைத்தியர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? குடாநாட்டில் மக்கள் தொகை பெரிது. மேனாட்டு முறை தெரிந்தவரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர். தாம் இறந்தாலும் ஊர் திரும்பினாலும் வேலை நின்றுபோகாமல் இருக்க வேண்டுமானால், உள்ளூர்ப் பிள்ளைகளைப் பழக்குவதே வழி எனக் கண்டார். 1848-ம் ஆண்டிலேயே ஒரு சிறு வகுப்பைத் தொடங்கினார். வட்டுக்கோட்டைச் செமினரியிற் படித்து ஆங்கிலமும் கணிதமும் தெரிந்த பிள்ளைகள் அக்காலத்தில் இருந்தமையால், முதல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன.

பெரிய மண்டபமும் பல ஆசிரியரும் உடைய கல்லூரி அன்று அது. ஆசிரியர் ஒருவர்; மாணாக்கர் சிலர்; பக்கத்தில் நோயாளர். காலையில் ஏட்டிற் படித்ததை அன்றே கட்டிலிற் காணலாம். கட்டிலிற் கண்டு விளங்காததை அன்றிரவே ஏட்டில் தேடலாம். இன்று பெரிய பெரிய கல்லூரிகள் நோயாளியருகிற் கற்பித்தல் என்று சிறப்பாகப் பேசும் முறை, மானிப்பாயில் வசதியின்மையாலேயே இயல்பாக அமைந்துவிட்டது. மாணாக்கர் மருந்து அரைப்பவராகவும், புண் கட்டுபவராகவும், இரவிலே நோயாளியைக் காப்பவராகவும் இருந்தே வைத்தியராயினர். இக்காலத்துத் தாதியின் வேலை, வைத்தியனின் வேலை என்ற பிரிவு அங்கே இருந்திருக்க முடியாது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், வைத்தியத்துக்கு நான்கு கூறு உண்டென வகுத்தார். நோயாளி, வைத்தியன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிசெய்பவனையும் நான்காவதாக எண்ணினார். இன்று அந்த நான்காம் இடத்தில் நிற்பவர் தாதியர். வைத்தியனுக்கு அடுத்த படியில் அன்றி, அவனோடு ஒரே வரிசையில் அவர்களை வள்ளுவர் வைத்தமை எம் பெற்றோர் சிந்திக்கத் தக்கது.

பேதி வந்த காலம்

கிறீன் இருந்த ஆண்டுகளில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தை மீண்டும் மீண்டும் தாக்கியது. 1866, 1867-ம் ஆண்டுகளில் அது பெருங்கொடுமை செய்தது. நெடுங்காலம் வடமாகாணத்து அரசாங்க அதிபராயிருந்த டைக் துரையும் 1867-ம் ஆண்டில் அந்நோயாலேயே மாண்டார். அவ்வேளையில் மானிப்பாயிற் பயின்ற வைத்தியர் கிராமங்களிற் சென்று பணிபுரிந்தனர். அந்நோயிலிருந்து மக்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் வகையைச் சிறு பிரசுரங்களாகத் தமிழில் அச்சிட்டுப் பரப்பினார் கிறீன்.

நோயின் முதல் அறியாதவிடத்து அறிவு எவ்வாறு வேலை செய்யும் என்பதற்கு வாந்திபேதியே நல்ல பாடம். 1854-ம் ஆண்டில் இலண்டனில் ஜோன் சினோ என்னும் வைத்தியர் இறந்தவர் வீடுகளைப் படத்திற் குறித்து, அவர்களுட் பெரும்பாலார் ஒரே குழாயின் நீரைக் குடித்தவர் எனக் கண்டார். கிருமியை றொபேர்ட் கோக் கல்கத்தாவிலே பிரித்தறிந்து அறிவித்தது 1884-ம் ஆண்டில். அந்த ஆண்டிலேதான் கிறீன் இறந்தார். ஆகவே அவர் ஈழத்தில் இருந்த காலம் முழுவதும், முதல் காரணம் ஐயமறத் தெரியாத ஒரு நோயோடு போராடினார்.

பரிகாரமும் அவ்வாறே. உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே சாவுக்குக் காரணம் எனக் கண்டு, 1832-ம் ஆண்டில் தோமஸ் லாற்றா என்பவர் உப்புநீரை நாளத்தில் ஏற்றிச் சிலரைப் பிழைப்பித்தார். ஆனால் உலகம் அதை மறந்துவிட்டு, அபினும் இரசமும் கொடுத்துக்கொண்டிருந்தது. 1971-ம் ஆண்டில் வங்காள அகதி முகாமிலே திலீப் மகலநாபிஸ் என்னும் வைத்தியர் சீனியும் உப்பும் கரைத்த நீரை வாயாற் கொடுத்துப் பல்லாயிரவரைக் காத்தார். இன்று எம் ஆசுபத்திரிகளில் தாய்மார் அறிந்த 'ஜீவனி' அதன் வழிவந்ததே. ஒரு பொதியை அளந்த நீரிற் கரைத்துக் கொடுக்கும் தாதி, ஏன் அளந்த நீர், ஏன் சீனி, ஏன் உப்பு என்று கேட்டுத் தெளிந்திருந்தால், நீர் குறைந்தால் உப்பு மிஞ்சிக் குழந்தைக்குக் கேடு வரும் என்பதையும், சீனி இருப்பதாலேயே குடல் உப்பையும் நீரையும் உள்வாங்குகிறது என்பதையும் தாய்க்கு எடுத்துச் சொல்வாள். கேளாதவள் பொதியைக் கையிற் கொடுத்துவிட்டுப் போவாள்.

தமிழுக்கு மாறியமை

உடல்நலம் கருதிக் கிறீன் சில ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்தார். மார்கிறெற் வில்லியம்ஸ் என்பவரை மணந்து 1862-ம் ஆண்டில் மானிப்பாய்க்கு மீண்டார். மீண்டதும் தம் கல்விமுறையையே ஆராய்ந்து பார்த்தார். ஆங்கிலத்திற் கற்றவருட் பலர் அரசாங்க உத்தியோகத்தையும் பட்டணத்தையும் நாடினர். கிராமத்து நோயாளி முன்போலவே வைத்தியனின்றி இருந்தான். தமிழிற் கற்றவன் தமிழரிடையே தங்குவான். அவனுடைய அறிவு அவனைச் சூழ்ந்தவருக்கும் விளங்கும். மூடநம்பிக்கை மெல்ல மெல்ல நீங்கும் என்பது கிறீன் கண்ட முடிவு. 1864-ம் ஆண்டில் தமிழ் வகுப்பைத் தொடங்கினார்.

அதை எதிர்த்தோர் பலர். ஆங்கிலத்தையே பெற்றோர் விரும்பினர். ஆங்கிலந் தெரிந்தவனுக்கே சம்பளமும் மதிப்பும் கிடைத்தன. தமிழில் இச்சாத்திரத்துக்குச் சொல் இல்லையென்றனர் வேறு சிலர். கிறீன் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, சொல்லைத் தேடப் புறப்பட்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல். அது இல்லாதபோது வடமொழிச் சொல். அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இயைய எழுதுதல். இதுவே அவர் கைக்கொண்ட ஒழுங்கு. அருஞ்சொற் தொகுதிகளையும் ஆக்குவித்தார்.

நூற்பணி

இவ்வாறு எழுந்த நூல்கள் இன்றும் வியப்பூட்டுவன. கல்வின் கற்றர் எழுதிய நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என வெளிவந்தது. மோன்செல் என்பாரின் நூல் 'பிரசவ வைத்தியம்' ஆயிற்று. துறூயிற் என்பாரின் சத்திரவைத்திய நூல் 1867-ம் ஆண்டில் 'இரண வைத்தியம்' எனவும், உலகெங்கும் மாணாக்கர் போற்றும் கிறே என்பாரின் உடற்கூற்று நூல் 1872-ம் ஆண்டில் 'மனுஷ அங்காதிபாதம்' எனவும், கூப்பர் என்பாரின் நூல் அதே ஆண்டில் 'வைத்தியாகரம்' எனவும் வந்தன. 1875-ம் ஆண்டில் 'கெமிஸ்தம்', 1883-ம் ஆண்டில் டால்ற்றனின் நூலைத் தழுவிய 'மனுஷ சுகரணம்' ஆகியன தொடர்ந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் 4000 பக்கங்களுக்கு மேல்.

கிறீன் தனியொருவராக இதைச் செய்தார் என எழுதினால் அது நீதியன்று. சாப்மன், டன்போர்த், போல், சுவாமிநாதன் முதலிய அவருடைய தமிழ் மாணாக்கர் மொழிபெயர்ப்பிற் பெரும்பங்கு கொண்டனர். ஆங்கிலப் பெயர்களைக் கண்டு இவர்களை அந்நியர் என எண்ணற்க. மிஷன் பள்ளியில் உதவிப்பணம் அளித்த அமெரிக்கரின் பெயரைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடுவது அக்கால வழக்கம். ஆசிரியர் அகராதியைத் தேட, மாணாக்கர் ஊர் வழக்கைத் தேட, இருவரும் கூடி ஒரு சொல்லைத் தீர்மானித்தனர். ஒரு நூலை மொழிபெயர்த்தவன் அந்நூலை ஆயிரம் முறை வினாவியவன் ஆகிறான். எலும்பின் பெயரை ஒப்புவிப்பவன் அவ்வெலும்பை மறக்கலாம். அதற்கு ஒரு தமிழ்ப்பெயர் ஆக்கியவன் அதன் வடிவையும் தொழிலையும் மறப்பானோ?

அச்சொற்களுட் பல இன்று வழக்கொழிந்தன. அங்காதிபாதம் உடற்கூற்றியல் ஆயிற்று. சுகரணம் உடற்றொழிலியல் ஆயிற்று. இரண வைத்தியம் சத்திரசிகிச்சை ஆயிற்று. கெமிஸ்தம் இரசாயனவியல் ஆயிற்று. சொல் மாறுவது குறையன்று. முதற்சொல் ஒன்று இருந்தமையாலேயே அடுத்த தலைமுறை அதைத் திருத்த முடிந்தது. காரைதீவில் 1892-ம் ஆண்டிற் பிறந்த எம் சுவாமி விபுலானந்தர், 1936-ம் ஆண்டிற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானக் கலைச்சொற்களை வகுப்பதற்கு வழிகாட்டினார். மானிப்பாயில் ஒரு பாதிரி-வைத்தியர் இட்ட அடியும், வாவிக்கரையிற் பிறந்த ஒரு துறவி நடந்த வழியும் ஒன்றையொன்று சேர்கின்றன.

வினாவும் விசாரணையும்

கிறீன் தெரிந்தெடுத்த நூல்களை நோக்கினால் அவருடைய கற்பித்தல் நெறி ஒருவாறு புலப்படும். கற்றரின் ஆங்கில மூலத்தில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அப்பக்கத்துக்குரிய வினாக்கள் அச்சிடப்பட்டிருக்கும். படித்து முடிந்ததும் மாணாக்கன் தன்னைத் தானே சோதிக்கலாம். கூப்பரின் நூலோ நோய் ஒவ்வொன்றையும் குறி, காரணம், அதனையொத்த பிற நோய்களிலிருந்து வேறுபடும் வகை, முடிவு, பரிகாரம் என ஒழுங்குபடுத்திச் சொல்வது. முதல்நூல் அறிந்ததை வினாவும். இரண்டாம் நூல் அறியாததை நோக்கி நடத்தும். நோயையும், அதன் மூலத்தையும், தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்து, பின்பே செய்க என வள்ளுவர் வகுத்த ஒழுங்கும் இதுவே அன்றோ?

அதே காலத்தில் இங்கிலாந்தில் புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் தாதியருக்கு இதனையே வேறு வகையிற் சொன்னார். 1859-ம் ஆண்டில் அவர் எழுதிய தாதியம் பற்றிய நூலில், நோயாளியை அவதானித்தல் குறித்து ஒரு பகுதி உண்டு. இரவு நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பது பயனற்ற வினா. எத்தனை மணித்தியாலம், இரவின் எப்பகுதியில் தூங்கினார் என்று கேட்பதே வினா என அவர் விளக்கினார். ஒரு வினா விடையைத் தானே ஊட்டிவிடும். மற்றது உண்மையைக் கொண்டுவரும். 1860-ம் ஆண்டில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் தொடங்கிய தாதியர் பள்ளி இந்த அவதானத்தையே அடிப்படையாகக் கொண்டது.

இவ்விடத்தில் மொழியின் பங்கை எம் மாணாக்கர் மறத்தலாகாது. எம் ஊர் ஆச்சி தனக்கு வருத்தம் என்றால் அது துயரமன்று, நோய். சத்தி என்றால் அது வலிமையன்று, வாந்தி. களைக்கிறது என்றால் சோர்வாகவும் இருக்கலாம், மூச்சு முட்டுவதாகவும் இருக்கலாம். சோர்வென எழுதிவிட்டால் ஒரு நோய். மூச்சு முட்டல் என எழுதினால் வேறு நோய். இருதயம் தளர்ந்த ஒருவரைச் சும்மா படுக்க வைத்துவிடும் அபாயமும் உண்டு. நடக்கும்போது களைக்கிறதா, படுத்தாற் களைக்கிறதா, தலையணை எத்தனை வேண்டும் என்று அவள் மொழியிலே கேட்கும் தாதிக்கே உண்மை கிடைக்கும். படிப்பது ஆங்கிலத்திலாயினும் கேட்பது தமிழிலேயே. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஆற்றைக் கடப்பிக்கும் தோணியாகவே கிறீன் தம் நூல்களை அமைத்தார்.

சமயமும் நன்றியும்

கிறீன் சமயம் பரப்ப வந்தவர் என்பதை நாம் மறைக்கவில்லை, அவரும் மறைத்தவரல்லர். மருந்துச்சாலையை அவர் தம் சமயத்துக்கு வாயிலாகவே கருதினார். ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே 1822-ம் ஆண்டு. கிறீன் மானிப்பாயில் மாணாக்கரைச் சேர்த்த 1848-ம் ஆண்டிலேதான் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒருவர் மதம் மாற்ற வந்தார். மற்றவர் அதைத் தடுக்க எழுந்தார். எனினும் இருவர் கையிலும் இருந்த கருவிகள் மூன்றும் ஒன்றே: பள்ளி, அச்சியந்திரம், தெளிந்த தமிழ் வசனம்.

இன்னொன்றும் சொல்லத் தக்கது. தம் மாணாக்கர் தமிழராகவே உடுத்தும் உண்டும் வாழவேண்டும், ஐரோப்பியரைப் போல நடிக்கலாகாது என்பதிற் கிறீன் உறுதியாயிருந்தார். சமயத்தில் எம்மோடு மாறுபட்ட அவர், எம் உடையையும் மொழியையும் இகழவில்லை. எம் சமயத்தவராயிருந்தும் அவற்றை இகழ்வோர் இக்காலத்தில் உண்டு. செய்ந்நன்றி அறிதலுக்கு மதம் தடையன்று. அவர் கொள்கையை ஏற்காமலே அவர் உழைப்பை வணங்குதல் சைவனுக்கும் வைணவனுக்கும் பொருந்துவதே.

இறுதிக் காலம்

உடல் தளர்ந்தமையால் 1873-ம் ஆண்டிற் கிறீன் ஈழத்தை விட்டு நீங்கினார். அதற்குள் அவரிடம் பயின்று வைத்தியரானவர் 60 பேருக்கு மேல். அவருள் 33 பேர் தமிழிலேயே பயின்றவர். தாயகம் சென்றும் அவர் ஓயவில்லை. கிறீன் ஹில்லில் இருந்துகொண்டே தமிழ்க் கையெழுத்துப் படிகளைத் திருத்தினார். 1884-ம் ஆண்டு மே மாதம் 28-ந் திகதி காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியர் என்னும் பொருள்படத் தம் கல்லறையில் எழுதவேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே வூஸ்ரரில் எழுதப்பட்டது. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை இன்றும் உளது. கவிஞர் அம்பி 1967-ம் ஆண்டில் 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலை எழுதி அவரைத் தமிழுலகுக்கு மீண்டும் நினைவூட்டினார்.

அவர் போனபின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870-ம் ஆண்டிற் கொழும்பிலே தொடங்கிய வைத்தியப் பள்ளி ஆங்கிலத்திற் கற்பித்தது. பதவியும் அதன் வழியே கிடைத்தது. கிறீன் ஒருவரின் தோளில் நின்ற பந்தல், அத்தோள் விலகியதும் சாய்ந்தது. எவ்வளவு நல்ல முயற்சியும் ஒருவரோடு நின்றால் அவரோடு போகும் என்பதும் இச்சரிதம் தரும் பாடம்.

எமக்குரிய வேலை

வைத்தியக் கல்வி முழுவதையும் நாளையே தமிழுக்கு மாற்றுக என நாம் சொல்லவில்லை. உலகத்து நூலெல்லாம் படிக்க ஆங்கிலம் வேண்டும். ஆனால் படித்ததைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்காதவன் அதை விளங்கிக்கொண்டானா என்பது ஐயமே. எம் சங்க மண்டபத்தில் தாதியக் கல்வி பயிலும் பிள்ளைகள் வாரத்தில் ஒருநாள் கூடி, ஒரு நோயாளியின் கதையை எடுத்துக்கொண்டு தமிழில் விசாரிக்கலாம். கதை எம் மண்ணிலேயே உண்டு.

வயலில் வேலைசெய்த ஒருவர் காய்ச்சலோடு வருகிறார் என்று கொள்வோம். எத்தனை நாள்? சேற்றில் வெறுங்காலுடன் நின்றாரா? கெண்டைக்காற் சதை நோகிறதா? கண் சிவந்துள்ளதா? சிறுநீர் எப்போது, எவ்வளவு கழிந்தது? இவ்வினாக்கள் எலிக்காய்ச்சலை நோக்கி நடத்தும். வேறொருவருக்கும் காய்ச்சல், மூன்றாம் நான்காம் நாளிற் சூடு தணிகிறது. வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் வயிற்றுநோவும் விடாத சத்தியும், கைகாற் குளிர்ச்சியும் காண்கின்றன. டெங்குக் காய்ச்சலில் அபாயம் தொடங்குவது சூடு தணியும் அவ்வேளையிலேயே. சூட்டை மட்டும் எழுதும் தாதி சுகம் என எழுதுவாள். நாடியையும் குருதியமுக்கத்தையும் சிறுநீரையும் சேர்த்து நோக்கும் தாதி வைத்தியரை அழைப்பாள். இருவரும் ஒரே புத்தகத்தையே படித்தவர்கள்.

ஒவ்வொரு கதைக்கும் பிள்ளைகள் தமக்குள் ஐந்து வினாக்களைக் கேட்டுக்கொள்ளட்டும். நான் கண்டது யாது? இது எவற்றாலெல்லாம் வரக்கூடும்? அவற்றுள் எது விரைவிற் கொல்லும்? அதை உறுதி செய்யவோ விலக்கவோ இனி எதைக் கேட்பேன், எதைப் பார்ப்பேன்? செய்த பரிகாரம் பலித்தது என எதனால் அறிவேன்? இவ்வைந்தும் பரீட்சைக்கும் உதவும். பரீட்சை முடிந்தபின், படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து விடியற்புறத்தில் வந்து சேரும் நோயாளிக்கும் உதவும்.

பெரியோர் தம் அனுபவத்தையும், ஊர்வழக்கில் உள்ள நோய்ப்பெயர்களையும் அக்கூட்டத்தில் வந்து சொல்லலாம். பரியாரிமாரும் மருத்துவிச்சிமாரும் வழங்கிய சொற்கள் முதியோர் நினைவோடு மறைந்துபோகு முன் அவற்றைத் தொகுத்தல், கிறீன் தொடங்கிய அகராதிப் பணியின் தொடர்ச்சியே ஆகும். இவ்வாண்டிலேயே அக்கூட்டம் தொடங்குக. அடுத்த மலரில் அச்சொற்றொகுதியின் முதற்பகுதி வெளிவருக.